4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆல் வகுபடுமா?

ஜனவரி 12, காலை (கேள்வி)

ஓர் எண் 6-ஆல் வகுபடுமா என்று பார்க்க, 2-ஆலும் 3-ஆலும் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும் என்றுதான் படித்திருக்கிறோம். 15 என்றால் 3, 5. அதே வழியில் 24-ஐ 4, 6 என்று பிரித்துப் பார்த்தேன். 132 இந்த இரண்டாலும் மீதியின்றி வகுபடுகிறது. 24-ஆல் வகுத்தால் மட்டும் 12 மிஞ்சுகிறது. 4 × 6 = 24 தானே? விதி சில எண்களுக்கு மட்டும்தானா? அப்படியானால் எந்தெந்த எண்களுக்கு என்று யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா?

ஜனவரி 12, மாலை

பட்டியல் வேண்டாம். 132-ஐ உடைத்துப் பாருங்கள்: 2 × 2 × 3 × 11. 4 கேட்பது இரண்டு 2. இருக்கிறது. 6 கேட்பது ஒரு 2, ஒரு 3. அதுவும் இருக்கிறது. 24 கேட்பது மூன்று 2, ஒரு 3. 132-இல் இருப்பதோ இரண்டே 2. அங்கேதான் இடிக்கிறது.

6-க்காக நீங்கள் காட்டிய 2, 4-க்காக ஏற்கெனவே காட்டிய 2-களில் ஒன்று. ஒரே ரசீதை இரண்டு கவுன்டரில் நீட்டுவது போல. 4-ஆலும் 6-ஆலும் வகுபடும் எண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது, அது 12-ஆல் வகுபடும் என்பது மட்டுமே. 12 என்பது அந்த இரண்டின் மீச்சிறு பொது மடங்கு.

24-க்கு 3, 8 என்று பிரியுங்கள். 8-இல் 2 மட்டும், 3-இல் 3 மட்டும். எதையும் இருமுறை எண்ண வழியில்லை.

ஜனவரி 12, இரவு

“பிரிக்கும் இரண்டும் சார்பகா எண்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே” என்று கீழே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார் (சார்பகா எண்கள்: 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை). சரிதான். ஆனால் அந்த வரியை மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வறையில் அதை முதலில் மறக்கிறார்கள். விதி நினைவிருக்கும், நிபந்தனை நழுவிவிடும். உடைத்து எழுதிவிட்டால் நிபந்தனையை நினைவில் வைக்கவே தேவையில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

இன்னொன்று. 16-ஐ எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பிரிக்க முடியாது. 16 = 2⁴, அதில் இருப்பது ஒரே பகா எண். கடைசி நான்கு இலக்கங்களை 16-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை.

ஜனவரி 14

இன்று வந்த கூற்று இன்னும் சுவையானது. “அ² என்ற எண் 12-ஆல் வகுபட்டால் அ-வும் 12-ஆல் வகுபடும். √2 விகிதமுறா எண் என்ற நிரூபணத்தில், அ² இரட்டை என்றால் அ-வும் இரட்டை என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுபோலத்தான்.”

அ = 6 போடுங்கள். 36, 12-ஆல் வகுபடுகிறது. 6 வகுபடவில்லை. முடிந்தது.

முடிந்தது என்று எழுதிவிட்டாலும், 2-க்கு நடப்பது 12-க்கு ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வியின் உயிர். ஓர் எண்ணை வர்க்கப்படுத்தினால் அதன் பகாக் காரணிகள் ஒவ்வொன்றின் அடுக்கும் இரட்டிப்பாகும். ஆகவே அ²-இல் எல்லா அடுக்குகளும் இரட்டை எண்கள். 12 = 2² × 3. அ²-இல் குறைந்தது இரண்டு 2 வேண்டும், ஒரு 3 வேண்டும். ஆனால் ஒற்றை 3 என்று ஒன்று அ²-இல் இருக்கவே முடியாது. இருந்தால் இரண்டாக இருக்கும். ஆக அ²-இல் குறைந்தது 2² × 3². அ-வில் குறைந்தது 2 × 3. உறுதியாகக் கிடைப்பது 6, 12 அல்ல.

இதையே 360-க்குச் செய்து பாருங்கள். 360 = 2³ × 3² × 5. அடுக்குகள் 3, 2, 1. இரட்டை எண்ணாக மேலே ஏற்றினால் 4, 2, 2. பாதியாக்கினால் 2, 1, 1. எனவே அ கட்டாயம் 2² × 3 × 5 = 60-ஆல் வகுபடும். அ³ என்று கேட்டால் 3-இன் மடங்காக ஏற்ற வேண்டும்: 3, 3, 3. மூன்றால் வகுத்தால் 1, 1, 1. அதாவது 30. சரிபார்க்க: 30³ = 27000 = 360 × 75.

ஜனவரி 14, சற்று நேரம் கழித்து

மேலே “கட்டாயம்” என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. இந்த வகைக் கேள்வியில் நான் திருத்தும் தாள்களில் பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது. “அ² 360-ஆல் வகுபடும். அ கீழ்க்கண்டவற்றுள் எதனால் கட்டாயம் வகுபடும்: 24, 36, 60, 90?” விடை 60. இதையே “எதனால் வகுபடக்கூடும்” என்று மாற்றினால் நான்குமே விடை, ஏனென்றால் அ எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். மாணவர்கள் 60-க்குப் பதில் 90 போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாதது அல்ல. அவர்களுக்குப் பிடித்த ஓர் அ-வை மனதில் வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள்.

அதனால்தான் “எண் போட்டுப் பார்த்தால் போதாதா” என்பவரிடம் எனக்குத் தகராறு. போட்டுப் பார்ப்பது ஒரு கூற்றை உடைக்க அருமையான கருவி. அ = 6 எப்படி ஒரே அடியில் உடைத்தது பாருங்கள். நிறுவுவதற்கு மட்டும் உதவாது.

ஜனவரி 15

“அப்படியானால் அ²-க்கும் அ-வுக்கும் அந்தக் கூற்று எந்த எண்களுக்குத்தான் உண்மை? பகா எண்களுக்கு மட்டுமா?”

இல்லை. 6-க்கு உண்மை, 10-க்கு உண்மை, 30-க்கும் உண்மை. எந்தப் பகாக் காரணியும் இரண்டாம் முறை வராத எண்கள் எல்லாவற்றுக்கும் உண்மை. அடுக்கு 1 என்றால், 2-க்கு ஏற்றிப் பாதியாக்கினால் திரும்ப 1 தான் வரும். அடுக்கு 2 வந்த இடத்தில் பாதியாக்கும்போது ஒன்று குறைகிறது, கூற்று உடைகிறது. 12-ஐ உடைத்தது அதிலுள்ள 2². 3 அப்பாவி.

ஜனவரி 18

நூறின் காரணியப் பெருக்கத்தின், அதாவது 1-லிருந்து 100 வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வரும் 100!-இன் கடைசியில் எத்தனை சுழியங்கள்? பழைய கேள்விதான், எங்கே வகுபடும் தன்மை பேசினாலும் இது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சுழியத்துக்கு ஒரு 2, ஒரு 5 வேண்டும். 2-கள் ஏராளம், 5-களை எண்ணினால் போதும். 5-இன் மடங்குகள் 20. 25, 50, 75, 100 ஆகிய நான்கும் இன்னொரு 5-ஐக் கூடுதலாகத் தருகின்றன. மொத்தம் 24. விடை 24 சுழியங்கள். 20 என்று நிறுத்துவது வழக்கமான தவறு.

இதன் இன்னொரு பக்கம்தான் எனக்குப் பிடித்தது. சரியாக 5 சுழியங்களில் முடியும் காரணியப் பெருக்கம் எது? எதுவும் இல்லை. 24!-இல் 4 சுழியங்கள். 25 வந்து சேர்ந்தவுடன் இரண்டு 5-கள் ஒன்றாக வருவதால் நேரே 6. நடுவில் 5 என்பது கிடையாது.

ஜனவரி 18, இரவு

“பெரிய பகா எண்ணை மட்டும் எண்ணினால் போதும்” என்று இதிலிருந்து யாரோ பொதுவிதி செய்துவிட்டார்கள். செய்யாதீர்கள்.

50!-ஐ மீதியின்றி வகுக்கும் 24-இன் மிகப் பெரிய அடுக்கு என்ன? 24 = 2³ × 3. பெரிய பகா எண் 3. 50!-இல் 3-இன் அடுக்கு 16 + 5 + 1 = 22 (50-ஐ 3, 9, 27-ஆல் வகுத்தால் வரும் ஈவுகள்). விதிப்படி விடை 22. தப்பு. 2-இன் அடுக்கு 25 + 12 + 6 + 3 + 1 = 47. ஆனால் ஒவ்வொரு 24-உம் மூன்று 2-களை விழுங்குகிறது. 47-ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 15, இரண்டு 2 மிச்சம். ஆக 24¹⁵ தான் எல்லை.

இதே 50!-இல் 12-ஐக் கேட்டால் நிலைமை தலைகீழ். 12-க்கு இரண்டு 2, ஒரு 3. 47-ஐ இரண்டால் வகுத்தால் ஈவு 23, 3-கள் 22. இப்போது முட்டுக்கட்டை போடுவது 3, விடை 22. ஒரே காரணியப் பெருக்கம், பக்கத்துப் பக்கத்து எண்கள் மாதிரியான 12-உம் 24-உம், தடுக்கிற பகா எண் மட்டும் மாறிவிட்டது. எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படி வகுத்து வகுத்துக் கூட்டும் முறைக்கு லெஜண்டர் வாய்பாடு என்று பெயர். அதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. 100-ஐ ஐந்தடிமானத்தில் (1, 5, 25 என்ற இட மதிப்புகளில்) எழுதினால் 400. இலக்கங்களின் கூடுதல் 4. 100-லிருந்து 4-ஐக் கழித்து, 5 − 1 = 4-ஆல் வகுத்தால் 24. மேலே வந்த அதே 24. முதன்முறை பார்க்கிறவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 50-ஐயும் 2-ஐயும் போட்டுப் பாருங்கள்: 50 ஈரடிமானத்தில் 110010, கூடுதல் 3, 50 − 3 = 47.

ஜனவரி 21

ஒருவர் விடாப்பிடியாகக் கேட்கிறார்: “உடைத்துப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். வேறு மாதிரி உடைத்தால் வேறு விடை வந்துவிட்டால்?”

இந்த இழையில் வந்த சிறந்த கேள்வி இதுதான். காரணிச் செடியை எந்தக் கிளையிலிருந்து தொடங்கினாலும் அடியில் அதே பகா எண்கள்தான் வரும் என்பதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது தானாக உண்மையாகிவிடவில்லை.

4-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் எண்கள் மட்டுமே இருக்கும் உலகத்தை எண்ணிப் பாருங்கள்: 1, 5, 9, 13, 17, 21, … இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் அதே உலகத்துக்குள்தான் விழும். அங்கே 3 கிடையாது, 7 கிடையாது. அதனால் 9, 21, 49 மூன்றையும் அங்கே மேற்கொண்டு உடைக்க முடியாது. இப்போது 441-ஐ எடுங்கள். 21 × 21. அதுவே 9 × 49. ஒரே எண், உடைக்க முடியாத துண்டுகளாக இரண்டு விதத்தில் உடைகிறது. 9 × 49-ஐ 21 வகுக்கிறது, ஆனால் 9-ஐயும் வகுக்கவில்லை, 49-ஐயும் வகுக்கவில்லை. டேவிட் ஹில்பர்ட்டின் பெயரால் அறியப்படும் எண்கள் இவை. அந்த உலகத்தில் இந்த இழையின் எந்த விடையும் நிற்காது.

நம் முழுக்களில் இது நடக்காமல் காப்பது ஒரே ஒரு கூற்று: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது வகுத்தே தீரும். யூக்ளிட் தம் எலிமெண்ட்ஸ் நூலின் 7-ஆம் புத்தகத்தில் 30-ஆவது கூற்றாக இதை வைத்திருக்கிறார். எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதத்தில்தான் உடைக்க முடியும் என்பதை முழுமையாக எழுதி நிறுவியது காவுஸ், 1801-இல்.

நிரூபணம் நான்கு வரி. ப என்ற பகா எண் அ × ஆ-வை வகுக்கிறது, ஆனால் அ-வை வகுக்கவில்லை என்று கொள்வோம். ப-வுக்கு 1-உம் ப-வும் தவிர வேறு காரணி இல்லாததால் ப, அ இரண்டும் சார்பகா எண்கள். எனவே ப-வின் ஒரு மடங்கையும் அ-வின் ஒரு மடங்கையும் கூட்டி 1 வரவழைக்கலாம் (மடங்குகளில் ஒன்று குறை எண்ணாக இருக்கும், பரவாயில்லை). அந்தச் சமன்பாடு முழுவதையும் ஆ-வால் பெருக்குங்கள். இடப்பக்கம் முதல் உறுப்பில் ப இருக்கிறது, இரண்டாவதில் அ × ஆ இருக்கிறது, அதை ப வகுக்கும். ஆக இரண்டையும் ப வகுக்கிறது. வலப்பக்கம் இருப்பது ஆ. எனவே ஆ-வையும் ப வகுக்கிறது.

“1 வரவழைக்கலாம்” என்ற இடத்தில்தான் கூட்டல் உள்ளே வருகிறது. ஹில்பர்ட் உலகத்தில் பெருக்கல் இருக்கிறது, கூட்டல் இல்லை: 5 + 9 = 14 வெளியே போய்விடுகிறது. அதனால்தான் அங்கே உடைந்தது.

ஜனவரி 22

கூட்டல் என்றதும் ஒரு எச்சரிக்கை. பகாக் காரணிகள் பெருக்கலோடு ஒத்துப்போகும், கூட்டலோடு ஒத்துப்போகாது. 8-இன் காரணிகளும் 9-இன் காரணிகளும் தெரிந்தால் 8 × 9 முழுவதும் தெரியும். 8 + 9 = 17 பற்றி எதுவும் தெரியாது.

முற்றிலும் எதுவும் தெரியாது என்பதும் சரியல்ல. 4 + 8 = 12: 2-இன் அடுக்குகள் 2, 3, கூட்டினால் சிறியதான 2 நிற்கிறது. அடுக்குகள் வெவ்வேறு என்றால் எப்போதும் இப்படித்தான். சமமாக இருந்தால்தான் வேடிக்கை. 4 + 12-இல் இரண்டிலும் இரண்டு 2. கூட்டினால் 16, அதில் நான்கு 2. எவ்வளவு தாவும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஜனவரி 25

“5 அல்லது அதற்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி 1 கழித்தால் 24-ஆல் வகுபடும், ஏன்?” யாரோ புதிர் மாதிரி போட்டிருக்கிறார்கள். 24, 48, 120, 168. ஆமாம், வகுபடுகிறது.

ப² − 1 = (ப − 1)(ப + 1). ப ஒற்றை எண், எனவே இரண்டு பக்கமும் அடுத்தடுத்த இரட்டை எண்கள். அவற்றில் ஒன்று 4-ஆல் வகுபடும். ஆக மூன்று 2-கள் கிடைத்தன. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் வகுபட வேண்டும், ப வகுபடாது, எனவே பக்கத்திலுள்ள ஒன்று வகுபடும். 8-உம் 3-உம் கிடைத்தன, 24 தயார்.

கவனித்தீர்களா, ப பகா எண் என்பது உண்மையில் தேவைப்படவே இல்லை. 2-ஆலும் 3-ஆலும் வகுபடாமல் இருந்தால் போதும். 25² − 1 = 624 = 24 × 26. 35² − 1 = 1224 = 24 × 51. புதிர் போட்டவர் பகா எண் என்று சொன்னது பகட்டுக்கு.

ஜனவரி 26

360-க்கு எத்தனை காரணிகள், அவற்றில் 12-இன் மடங்குகள் எத்தனை என்று கேட்டவருக்கு: 2-இன் அடுக்கு 0 முதல் 3 வரை, 3-இன் அடுக்கு 0 முதல் 2 வரை, 5-இன் அடுக்கு 0 அல்லது 1. 4 × 3 × 2 = 24 காரணிகள். 12-இன் மடங்கு என்றால் 2-க்கு 2 அல்லது 3, 3-க்கு 1 அல்லது 2, 5-க்கு விருப்பம்போல. 2 × 2 × 2 = 8.

எழுதி முடித்த பிறகு தோன்றியது: 360-ஐ 12-ஆல் வகுத்து 30-இன் காரணிகளை எண்ணினாலே அதே 8.

பிப்ரவரி 2

ஒரு பள்ளி மாணவி 9991, 10403 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியைக் கேட்டிருக்கிறார். “2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போகிறேன், ஒன்றும் சிக்கவில்லை, நீங்கள் சொன்ன முறை சரியில்லை” என்று கோபமும் இருக்கிறது. கோபம் நியாயமானது. இவ்வளவு நேரம் உடைக்கச் சொல்லிவிட்டு இப்போது உடைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 412. 9991-ஐ 412-ஆல் வகுத்தால் ஈவு 24, மீதி 103. 412-ஐ 103-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 103. மூன்றே படிகள். ஒரு பகாக் காரணிகூடத் தேவைப்படவில்லை. இதுவும் யூக்ளிட் கைவரிசைதான். விடை தெரிந்த பிறகு உடைப்பதும் எளிது: 97 × 103, 101 × 103.

கைக்கடக்கமான எண்ணாக இருந்தால், அல்லது 50! மாதிரி ஏற்கெனவே பெருக்கலாக வந்தால், உடைப்பதுதான் வழி. முரட்டு எண்கள் இரண்டைக் கொடுத்துப் பொதுக் காரணி கேட்டால் யூக்ளிட் முறை. உடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அளவு: 2³² + 1 = 4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர்தான் அதை 641 வகுக்கிறது என்று காட்டினார். இந்தக் காலத்திலும், ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-இல் உடைக்க ஏராளமான கணினிகள் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த அளவுள்ள இரண்டு எண்களின் பொதுக் காரணியை யூக்ளிட் முறையில் ஒரு சாதாரணக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

பிப்ரவரி 3

ஜனவரி 25 குறிப்புக்கு மறுப்பு வந்திருக்கிறது. “2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எந்த எண்ணும் என்றீர்கள். 1 போட்டால் 1² − 1 = 0. −5 போட்டால்?”

−5 போட்டால் 24 தான், வர்க்கத்தில் குறி காணாமல் போகிறது. வகுபடும் கேள்விகளில் குறிக்கு வேலையே இல்லை. −132-உம் 132-உம் ஒரே பகாக் காரணிகளோடுதான் இருக்கின்றன.

0 பற்றி: 0 = 24 × 0. வகுபடுகிறது. விதி அப்படியே நிற்கிறது. 0-வைப் பகாக் காரணிகளாக உடைக்க மட்டும் முடியாது. எத்தனை 2 எடுத்தாலும் இன்னும் 0 தான் மிஞ்சும், எத்தனை 3 எடுத்தாலும் அதே கதை. அதனால் எந்த எண் எத்தனை கேட்டாலும் அதனிடம் இருக்கிறது. 1-இடமோ எதுவும் இல்லை, எல்லா அடுக்கும் 0. 1-ஐப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டால், 6 = 2 × 3 = 1 × 2 × 3 = 1 × 1 × 2 × 3 என்று ஒரே எண்ணை எத்தனை விதமாகவும் எழுதலாம், காவுஸ் நிறுவியது வீணாகிவிடும். அதனால் வெளியே நிறுத்திவிட்டார்கள்.